'பவர்' என்ற ஒரு சொல்லும் இலத்தீனும்

மூலத்தில் ஒரு சொல் எத்தனை முறை வந்தாலும் பெயர்ப்பிலும் அதற்கு ஒரே சொல்தான் வரவேண்டும்; அதுவே மொழிபெயர்ப்பாளனின் நேர்மை என்று சிலர் ஓயாது எழுதிவருகின்றனர். ஆங்கிலத்தின் 'பவர்' என்னும் எளிய சொல்லை இவர்கள் இலத்தீனில் பெயர்த்துக் காட்டட்டும்.

உடல்வலிமையும் வன்முறையும் 'வீஸ்'. செல்வத்தாலும் நட்பாலும் புகழாலும் ஒருவன் பெறும் ஆற்றல் 'பொடென்டியா'. சட்டமும் பதவியும் தரும் அதிகாரம் 'பொடெஸ்டாஸ்'. படைநடத்தி ஆணையிடும் உயர் அதிகாரமோ 'இம்பெரியும்'. உரோமக் குடியரசில் எளிய மக்களுக்குக் காவலாக அமர்ந்த ட்ரிப்யூனுக்குப் பொடெஸ்டாஸ் உண்டு, இம்பெரியும் இல்லை. கான்சலுக்கு இரண்டும் உண்டு. இவற்றை ஒரே சொல்லில் அடைப்பது நேர்மையா? ஆள்பவனின் உரிமையையும் அடிப்பவனின் கைவலிமையையும் ஒன்றாக்கும் வேலை அது.

தாமஸ் ஹாப்ஸ் 'லெவியதான்' நூலை 1651-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவரே ஆக்கிய இலத்தீன் வடிவம் 1668-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. நூலின் முழுத்தலைப்பில் அரசின் 'பவர்' பொடெஸ்டாஸ் ஆகிறது. தனிமனிதனின் 'பவர்' பற்றிய பத்தாம் இயலின் தலைப்பில் அதே சொல் பொடென்டியா ஆகிறது. மூலமும் அவருடையது, பெயர்ப்பும் அவருடையது. அவரே கொள்ளாத விதியை நாம் யாருக்கு ஓதுகிறோம்?

அவ்வியலில் இன்னொரு சுவையும் உண்டு. அறிவே ஆற்றல் என்ற பொருளில் இலச்சினைகளில் பொறிக்கப்படும் இலத்தீன் தொடரைப் பேக்கன் தலையில் கட்டுவது வழக்கம். பேக்கன் 1597-இல் ஆண்ட சொல் பொடெஸ்டாஸ். அதுவும் இறைவனின் அறிவையும் வல்லமையையும் பற்றிய வாதத்தில். அறிவைப் பொடென்டியா என்றவர் ஹாப்ஸ். என்றாலும் அது சிறிய ஆற்றலே என்று உடனே சேர்த்துவிட்டார். இலச்சினை வரைவோருக்கு அந்தப் பிற்பகுதி தேவைப்படவில்லை போலும்!

இதில் இழப்பு இல்லையா என்றால், உண்டு. பலருடைய ஆற்றல்கள் ஒன்றுகூடி அரசில் திரள்வதே மனித ஆற்றல்களில் பெரிது என்கிறார் ஹாப்ஸ். ஆங்கிலத்தில் ஒரே சொல் அந்த ஏணியின் எல்லாப் படிகளிலும் நிற்கிறது. இலத்தீனில் மேற்படியில் சொல் மாறிவிடுகிறது. அதை ஓர் அடிக்குறிப்பு சொல்லிவிடும். பொய்யான ஒருமையால் விளையும் குழப்பத்தை எந்த அடிக்குறிப்பும் தீர்க்காது.

ஒரு சொல்லே போதும் என்போர், அந்தத் தலைப்பையும் பத்தாம் இயலையும் எந்த ஒரு சொல்லால் பெயர்ப்பார்கள் என்று முதலில் எழுதட்டும். பிறகு பேசுவோம்.