விரல் போனதுக்கு "கவனக்குறைவு"ன்னு எழுதாதீங்க

1/ மர மில்லுலயோ தச்சுப் பட்டறையிலயோ ஒருத்தருக்கு விரல் போச்சுன்னா, கூட்டிட்டு வர்றவங்க சொல்ற முதல் வார்த்தை: "கவனக்குறைவு சார்." அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுல இது எங்களுக்குப் பழகின வார்த்தை. அந்த வார்த்தையோடதான் இன்னைக்கு என் சண்டை. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ பேண்ட்சா தெரியாதவங்களுக்கு: மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். ரெண்டையும் சுத்தி பெல்ட் மாதிரி ஓடுற, பல் வெச்ச எஃகுப் பட்டை. நடுவுல டேபிள். பல் கீழ்நோக்கி ஓடுறதால மரத்தை டேபிள் மேலயே அழுத்தும். வட்ட ரம்பம் மாதிரி ஆள் மேல திருப்பி எறியாது. அதனால "இது சாது மெஷின்"னு ஒரு நினைப்பு. சாது மிரண்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

3/ பிளேடு மழுங்கிட்டா மரம் சுலபமா உள்ளே போகாது. ஆள் பலம் கொடுத்துத் தள்ளணும். வெட்டு முடியுற இடத்துல எதிர்ப்பு திடீர்னு விட்டுப் போகும். தள்ளின வேகத்துல கை நிக்காது, நேரா பிளேடுக்குப் போகும். இதுல கவனக்குறைவு எங்கே இருக்கு?

4/ வெட்டு கோட்டை விட்டு ஒரு பக்கமா இழுக்குதா? ஒரு பக்கப் பல் மழுங்கியிருக்கலாம், பல் செட் ரெண்டு பக்கமும் சமமா இல்லாம இருக்கலாம், பிளேடு இழுவை தளர்ந்திருக்கலாம். அதைச் சரி பண்ணாம "மரத்தைத் திருப்பிப் பிடிச்சு ஓட்டு"ன்னா என்ன அர்த்தம்? மெஷினோட கோளாறைத் தொழிலாளி தன் விரலால ஈடுகட்டணும்னு அர்த்தம்.

5/ என்ன பண்ணணும்? முதல்ல கரண்ட்டைத் துண்டிங்க. சக்கரத்துல ஒட்டின பிசின், தூளைச் சுத்தம் பண்ணுங்க. பிளேடுல, முக்கியமா ஒட்டுப் போட்ட இடத்துல, விரிசல் இருக்கான்னு பாருங்க. சக்கரத்தைக் கையால சுத்தினா பிளேடு ஒரே தடத்துல ஓடணும். முன்னும் பின்னும் அலைஞ்சா மேல் சக்கரத்தோட சாய்வைத் திருத்தணும்.

6/ பக்கவாட்டு கைடுக்கும் பிளேடுக்கும் ஒரு தாள் கனம் இடைவெளி போதும். கைடு பல்லைத் தொடவே கூடாது. பின்னாடி இருக்கிற பேரிங், பிளேடு சும்மா ஓடும்போது ஒட்டாம, மரம் தள்ளும்போது மட்டும் தாங்கணும். மூலமட்டம் வெச்சு டேபிளும் பிளேடும் 90 டிகிரியான்னு பாருங்க.

7/ எல்லாத்தையும் விட முக்கியம் மேல் கைடும் அதோட சேர்ந்த மறைப்பும். அறுக்கிற மரத்துக்கு மேல 2 நூல், அதாவது சுமார் 6 மி.மீ. வரைக்கும் இறக்கணும். பிளேடு ஆடாது, வெட்டு நேரா வரும். வெளியே தெரியுற பல்லும் குறையும். வெட்டு சுத்தமா வர்றதும் விரல் தப்பிக்கிறதும் ஒரே திருகுலதான் இருக்கு.

8/ "இதையெல்லாம் பார்த்துட்டு இருந்தா வேலை எப்ப முடியும்?" முதலாளிகளே, மழுங்கின பிளேடு மரத்தைக் கருக்கும், கோணலா வெட்டும், மோட்டாரைத் திணற வைக்கும். உங்களுக்கே நஷ்டம். பீஸ் ரேட்டுல கூலி வாங்குறவர் மெஷினை நிறுத்தி செட் பண்ற நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறீங்க? பராமரிப்பு நேரத்துக்கும் கூலி கொடுங்க. அப்புறம் கவனத்தைப் பத்திப் பேசலாம்.

9/ கவனம் வேண்டாம்னு நான் சொல்லலை. கையுறை, தோள் துண்டு, தொங்குற சட்டைக்கை கூடாது. சின்னத் துண்டுக்குத் தள்ளுகட்டை வேணும். ஸ்விட்சை அணைச்ச பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் ஓடும். ஆனா 8 மணி நேரமும் ஒரே மாதிரி கவனமா இருக்கிற மூளை யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. மறைப்பு இருக்கிறதே அதுக்குத்தான்.

10/ 1923-ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தோட அட்டவணை, பெருவிரல் போனா சம்பாதிக்கிற திறன்ல 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுசா போனா 14 சதவீதம்னு கணக்கு வெச்சது. பெருவிரலை மடக்கிட்டு ஒரு உளியைப் பிடிச்சுப் பாருங்க. அந்த 30 எவ்வளவு கம்மின்னு புரியும்.

11/ விரல் துண்டாயிடுச்சா? காயத்தைச் சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு, கையை உயர்த்தி வைங்க. துண்டான விரலை ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணியில வைங்க. ஐஸ் நேரடியா படக் கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கை அறுவைசிகிச்சைக்குன்னே தனித் துறை இருக்கு. ஆனா ரம்பம் கத்தி மாதிரி வெட்டாது. எலும்பு, ரத்தக்குழாய், நரம்பைத் துருவி எடுத்துட்டுப் போயிடும். ஒட்ட வைக்கிறது அவ்வளவு சுலபம் இல்லை.

12/ ரம்பத்தைத் தீட்டி, செட் பண்ணித் தர்றவருக்கு மரத்தொழில்ல "சா டாக்டர்"னே பேர். அந்த டாக்டரை ஒழுங்கா கூப்பிடுங்க. அவருக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிச்சா, உங்க ஆளுங்க எங்ககிட்டதான் வரணும். எங்களால முடிஞ்சதைச் செய்வோம். போன விரலை முளைக்க வைக்க எங்களுக்குத் தெரியாது.

தெரிஞ்ச பட்டறைக்கு இதை அனுப்புங்க. 🙏