திருப்புளி யார் கையில் இருக்க வேண்டும்?

கொட்டகலைக் கடைவீதியிலே, காலைப் பனி விலகுமுன் பேருந்துக்குக் காத்து நிற்போரைப் பாருங்கள். காய்கறி மூட்டையோடு ஒருவர். கைக்குழந்தையோடு ஒரு தாய். அவர்களிடையே, உரச்சாக்கிலே சுற்றிய பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் இளைஞன். பெட்டிக்குள் இருப்பது கணினி. முதல்நாள் இரவு அது திடீரென்று நின்றுவிட்டது. அட்டனுக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். ஒரு நாட் சம்பளம் போகும், பஸ் கட்டணம் போகும், திருத்துகூலியும் போகும். "என்ன கோளாறு, தம்பி?" என்று கேட்டால், "தெரியாது ஐயா, ஓடவில்லை" என்பதே விடை.

"தெரியாது" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம்.

கணினி பழுதுபட்டால் நாமே திருத்த முனைவதா, அன்றித் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதா? இது சில்லறைக் கேள்வி என்று எண்ணுவோர் இருக்கலாம். தேயிலைக்கும் சம்பளத்துக்கும் காணிக்கும் எழுதவேண்டிய இடத்திலே திருப்புளிக்கும் கம்பிக்கும் என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் இன்று இணையவழியே போகிறது. ஆசிரியர் தம் பாடக் குறிப்பை அதிலே வைத்திருக்கிறார். விவசாயி உரக் கணக்கையும் கடன் கணக்கையும் மகளைக்கொண்டு அதிலே எழுதி வைக்கிறார். விண்ணப்பத்தின் இறுதி நாளன்று பெட்டி வாய்திறக்க மறுத்தால், ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு வாசற்படியிலே நின்றுவிடுகிறது. இது சில்லறைக் கேள்வியா?

இக்கேள்விக்கு இருவகையான விடை கூறப்படுகிறது. "எல்லாவற்றையும் நானே திருத்துவேன், படம் பார்த்தால் போதும்" என்பது ஒன்று. "அது படித்தவன் பொருள், நாம் தொடக்கூடாது" என்பது மற்றொன்று. முன்னது அகந்தை, பின்னது அச்சம். இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

நம் தோட்டங்களிலே கவ்வாத்து வெட்டும் தொழிலாளியைக் கேளுங்கள். அவர் தம் கத்தியைத் தாமே தீட்டுகிறார். கத்தி மழுங்கியதென்று அவர் யாரையும் தேடி அட்டனுக்குப் போவதில்லை. ஆனால் தொழிற்சாலையிலே கொழுந்து அரைக்கும் இயந்திரம் நின்றால் அவர் கத்தியோடு அதற்குள் புகுவதுமில்லை. அது பொறிவினைஞரின் வேலை என்பதை அறிவார். காய்கறித் தோட்டக்காரரைக் கேளுங்கள். நீரிறைக்கும் பம்பியின் அடிக்குழாயிலே சருகு அடைத்தால் அவரே எடுத்துவிடுகிறார். மோட்டாரின் செப்புச்சுருள் கருகினால் அதைச் சுற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோகிறார். இரண்டு வேலைக்கும் நடுவே உள்ள கோட்டை அவருக்கு யார் கற்பித்தார்? தினமும் அந்தப் பொருளோடு வாழ்ந்த பழக்கம் கற்பித்தது. கத்தியிலும் பம்பியிலும் நமக்கிருக்கும் இந்தத் தெளிவு கணினியில் மட்டும் இல்லாதது ஏன்? அதை நாம் நம்முடைய கருவியாக இன்னும் எண்ணவில்லை. யாரோ தந்த பெட்டகமாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நம்முடைய கைக்குள்ளே அடங்கும் வேலைகள் எவை? முதலாவது, மின்கம்பி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பது. நமக்கு அறிமுகமான ஆசிரியர் ஒருவர், திரை இருண்டுவிட்டதென்று பெட்டியைப் பேருந்தில் ஏற்றிப் போனார். கடையிலே அது உடனே ஓடிற்று. கோளாறு வீட்டிலேயே விட்டுவந்த திரைக்கம்பியில்! அரை நாளும் கூலியும் போனபின் தெரிந்தது இது. இரண்டாவது, கணினியை முழுதும் நிறுத்தி மீண்டும் தொடங்குவது; சிறு தடங்கல்கள் பல இதனாலேயே தீரும். மூன்றாவது, வன்தட்டிலே இடம் நிரம்பிவிட்டதா என்று நோக்கி, வேண்டாதவற்றை அகற்றுவது. நான்காவது, மென்பொருட் புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடாதிருப்பது. ஐந்தாவது, திரையிலே தோன்றும் பிழைச்செய்தியை ஒரு தாளில் அப்படியே எழுதி வைப்பது. நோயாளி தன் நோவை வாய்விட்டுச் சொன்னால் வைத்தியரின் வேலை பாதி முடிந்ததல்லவா? கணினியின் வாய் அந்தச் செய்திதான்.

மலைநாட்டுக்கென்றே சில காப்புகளும் உண்டு. மழைக்காலத்து ஈரம் பெட்டிக்குள் புகும். ஆகவே அதை ஈரச்சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி முழங்கும்போது, ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. மின்செருகியையும், தொலைபேசி இணைப்புக் கம்பி இருந்தால் அதனையும் கழற்றிவிட வேண்டும். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை, கவனம் வேண்டும்.

இனி, நாம் தொடக்கூடாதவை எவை? மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கக்கூடாது. வீட்டிலே வரும் மின்சாரம் 230 வோல்ட். செருகியைக் கழற்றிய பின்னும் அப்பெட்டிக்குள் உள்ள கொள்ளளவிகள் மின்னேற்றத்தைச் சிறிது நேரம் வைத்திருக்கும். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ நெம்பவோ கூடாது, அது தீப்பற்றும். வன்தட்டு "டக், டக்" என்று ஒலித்தால் அந்தக் கணமே கணினியை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது, எஞ்சியிருப்பதையும் சுரண்டி அழிப்பதாகும். தவறுதலாக அழித்த கோப்பை மீட்க விரும்பினால், அந்தத் தட்டிலே புதிதாக ஒன்றையும் எழுதக்கூடாது. பழையது கிடந்த இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும். இத்தகைய வேளைகளில் பயிற்சி பெற்றவரை நாடுவதே அறிவுடைமை. கொடுக்கும் கூலி வீண் செலவன்று; அவர் ஆண்டுக்கணக்கில் கற்ற கல்விக்கு நாம் செய்யும் மரியாதை.

தொழில் தெரிந்தவர் கையிலே ஒப்படைத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைப்போருக்கு, நம் நாட்டிலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுகிறோம். 2023 ஆகஸ்ட் மாதத்திலே இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல்கள் தங்கியிருந்த அரச முகிற் சேமிப்பகம் கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 மின்னஞ்சற் கணக்குகளில், அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. ஏன்? அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லை. பயன்பட்ட மென்பொருளோ பழையது. அங்கே நிபுணர்களுக்குப் பஞ்சமா? பணத்துக்குப் பஞ்சமா? ஒரு பிரதி எடுத்து வேறிடத்திலே வைக்கும் எளிய கடமைக்குத்தான் பஞ்சம்.

அதற்கு மறுபுறமும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பித்தலால் உலகெங்கும் கணினித் திரைகள் நீலமாகி நின்றன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. பாதிக்கப்பட்டவை சுமார் 85 இலட்சம் கணினிகள் என்று மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. பரிகாரம் யாது? கணினியைப் பாதுகாப்பு நிலையிலே தொடங்கி, ஒரேயொரு கோப்பை அழிப்பது. வழியை நிபுணர் கண்டு சொன்னார். ஆனால் பெருந்தொகையான கணினிகளின்முன் ஒருவர் நேரிலே போய் உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டியிருந்தது. நிபுணரின் அறிவும், பயன்படுத்துவோரின் கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே நாம் நம்முடைய சரித்திரத்தையும் சிறிது திரும்பிப் பார்க்கவேண்டும். ஒரு காலத்திலே நம் முன்னோரின் வாழ்வு "துண்டு" என்ற சீட்டிலே கட்டுண்டு கிடந்தது. கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் அந்தச் சீட்டு, தொழிலாளியைக் கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாற்றிற்று. அதிலே எழுதியிருந்ததைப் படிக்க அவர்களிற் பலருக்குத் தெரியாது. 1921இலே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948இலே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இந்நாட்டிலே பிறந்தாரா, பாட்டன் பிறந்தாரா, பத்திரம் எங்கே என்று கேட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை வளர்த்தவர்கள் காட்டுவதற்குத் தாளின்றி நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களைத் தொகை போட்டுப் பிரித்தது. எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்த சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. ஒரு தாள் இல்லாமையால் இவ்வளவு பட்ட சமுதாயம் உலகிலே வேறெத்தனை உண்டு?

அந்தத் தாள்கள், பிறப்புச் சான்றும் விவாகச் சான்றும் சேமலாபநிதிக் கடிதமும், இன்று படமாகிக் கணினிக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் குடியேறியிருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் மலைநாட்டை அலைக்கழித்தபோது, வெள்ளமும் மண்சரிவும் வீடுகளைக் கொண்டுபோயின, பாதைகளை அடைத்தன. அவ்வேளையில் எந்த ஊரிலிருந்து எந்தத் திருத்துநர் வந்திருப்பார்? ஆகவே ஒன்றைத் திட்டமாகக் கூறுகிறோம்: கணினியைத் திருத்தும் வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம், அதிலுள்ளவற்றுக்குப் பிரதி எடுக்கும் வேலையை ஒருபோதும் பிறரிடம் விடலாகாது. ஒரு பிரதி வீட்டிலே. ஒரு பிரதி பென்டிரைவிலே, வேறூரிலுள்ள உறவினரிடம். இயலுமானால் இன்னொன்று இணையச் சேமிப்பிலே. மாதத்துக்கொரு முறை, சம்பள நாளன்று செய்தாற் போதும். அசல் தாளைக் கைவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. அசலுக்கு ஒரு துணை தேடுங்கள் என்கிறோம்.

"நீங்கள் இப்படி எழுதினால், திருத்துகடை வைத்துப் பிழைக்கும் நம் இளைஞரின் வயிற்றில் அடிப்பதாகாதா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. கொழுந்துக் கூடையை விட்டு நம் பிள்ளைகள் ஏறிய படிகளில் அத்தொழிலும் ஒன்று. அதை நாம் போற்றுகிறோம். ஆனால் கழன்ற கம்பியைப் பொருத்திக் கூலி வாங்குவதா அத்தொழிலின் பெருமை? விவரமறிந்த வாடிக்கையாளர் முன்னே நல்ல தொழிலாளி உயர்வார், ஏமாற்றுபவரே வாடுவார். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற இளைஞருக்கும், எதையோ கழற்றி எதையோ மாட்டும் ஒருவருக்கும் வேற்றுமை காண, நமக்கும் சிறிது அறிவு வேண்டாமா?

தொழிலாளரிடம் கொடுக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாகாது. கூலி எவ்வளவு என்று முன்னரே கேளுங்கள். பழுது இன்னதென்று சொல்லச் சொல்லுங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திரும்பப் பெறுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். வங்கிக் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லாதீர்கள். "உங்கள் கணினியில் நச்சுநிரல் இருக்கிறது, நாங்கள் மைக்ரோசொப்ட்டிலிருந்து பேசுகிறோம்" என்று தொலைபேசியிலே தானாக வருபவர் திருத்துநரல்லர், திருடர். களவாகப் பூட்டுடைத்த மென்பொருளை மலிவாக ஏற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; அதனோடு வேறு என்ன வந்து சேரும் என்பது தெரியாது.

இன்னொன்று. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழமையான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. "இது செத்துப்போயிற்று, புதிது வாங்குங்கள்" என்ற குரல் இதனால் எழுகிறது. எழுதவும் படிக்கவும் விண்ணப்பிக்கவும் அந்தக் கணினிக்கு வலு இருக்கிறது. லினக்ஸ் போன்ற விலையற்ற இயக்குதளத்தை அதிலே நிறுவலாம், தமிழிலும் எழுதலாம். நிறுவத் தெரிந்த ஒருவரை அழைத்து, பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டால், அடுத்த வீட்டுக் கணினிக்கு நாமே போதும்.

முடிவாக ஒன்று. கொட்டகலையை அடுத்த பத்தனையிலே ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. ஆண்டுதோறும் ஆசிரியர்களை நாட்டுக்குத் தருகிறது. தலவாக்கலையிலே தேயிலைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அறிவுக்கு இந்த மலையிலே குறைவில்லை. அதை லயத்து வாசல்வரை கொண்டுவருவோர்தாம் தேவை. கணினி கற்ற ஆசிரியரும் அலுவலரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம் தோட்டத்துப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ இரண்டு மணி நேரம் உட்காரட்டும். பழுதைத் தாமே திருத்திக் கொடுத்துவிட்டு எழ வேண்டாம். திருப்புளியைக் கொண்டுவந்தவரின் கையிலே கொடுத்து, "இதைக் கழற்றுங்கள், தம்பி" என்று சொல்லட்டும்.

சாக்கிலே சுற்றிய பெட்டியோடு அந்த இளைஞன் நாளையும் அட்டனுக்குப் போகலாம். போகட்டும். ஆனால் என்ன கோளாறு என்று கேட்டால், "வன்தட்டிலே ஒலி கேட்டது ஐயா, உடனே நிறுத்திவிட்டேன், பிரதி வீட்டிலே இருக்கிறது" என்று அவன் சொல்லவேண்டும். அந்த விடையைக் கேட்கும் நாளையே நாம் எதிர்பார்க்கிறோம்.