மழைக்கு முன் வீடு பார்ப்போம்

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் என் உறவுகளுக்கு,

டொரொன்டோவிலிருந்து எழுதுகிறேன். லயக் காம்பராவில் பிறந்து பீலித் தண்ணீரில் வளர்ந்தவன் நான். இங்குள்ள மக்கள் தங்கள் வீடுகளுக்காகச் சேர்ந்து செய்யும் ஒரு வேலை நம் லயங்களிலும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

டொரொன்டோவின் கிழக்குப் பகுதியில், டான்போர்த் வீதிக்குத் தெற்கில் ‘பொக்கெட்’ என்றொரு சிறு குடியிருப்பு உண்டு. அங்குள்ள அயலவர்கள் ‘பொக்கெட் சேஞ்ச்’ என்ற பெயரில் கூடி, சூடு எந்த வழியாக வெளியே போகிறது, சுவரையும் கூரையையும் எப்படி மூடிக் காப்பது, எரிவாயுவை விட்டுவிட்டு வீட்டை எப்படிச் சூடாக்குவது என்று ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள். இந்த நகரம் காற்றில் விடும் கரியில் பாதிக்கு மேல் கட்டடங்களிலிருந்தே வருகிறது.

என்னை அதைவிடக் கவர்ந்தது எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் நடப்பது. ‘விண்டோ ட்ரெஸ்ஸர்ஸ்’ என்ற அமைப்பு 2010இல் றொக்லண்ட் ஊரின் ஒரு தேவாலயத்தில் தொடங்கியது. பைன் மரச் சட்டம் அடித்து, அதன் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, யன்னலின் உட்புறம் பொருத்துகிறார்கள். குளிர்காற்று நின்றுவிடும். ஊர் மண்டபத்தில் மேசை போட்டுச் சனங்களே செய்கிறார்கள். சட்டம் கேட்டவரும் வந்து அடுத்தவர் சட்டத்துக்குக் கை கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இதற்கு நம் நாட்டில் சிரமதானம் என்று பெயர். நீங்கள் அதில் கைதேர்ந்தவர்கள். காமன் கூத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் யாரும் கூப்பிடாமலே கூடுகிற தோட்டம் நம்முடையது.

ஆனால் அவர்கள் வேலையும் நம் வேலையும் ஒன்றல்ல. கனடியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 14 தொன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். இலங்கையர் ஒருவருக்கு அது ஒரு தொன் அளவுதான். லயத்தில் இருப்பவருக்கு அதிலும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே கரியைக் குறையுங்கள் என்று உங்களிடம் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. வானம் மாறிவிட்டது, அதன் கூலி முதலில் நம் லயத்தின் பின்மேட்டில் வந்து விழுகிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மலைகள் பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் கேட்பது, இந்த வானத்துக்கு ஈடுகொடுக்கும் வீடு.

முதலில் கானைப் பாருங்கள். மலையில் கான் வெட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. தேயிலைக்கு வெட்டிய அளவு லயத்துக்கு வெட்டியதில்லை. கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுந்து அதே மண்ணில் ஊறுகிறது. தகர ஓரத்தில் பீலி போட்டு அந்தத் தண்ணீரைச் சீமெந்துக் கானுக்குக் கொண்டுபோய்விட்டால், சுவர் ஈரமும் குறையும், பின்மேட்டில் ஊறுவதும் குறையும். பீலியடியில் ஒரு பீப்பாய் வைத்தால் துணி துவைக்கவும் ஆகும். கானோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மழைமானி. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் புறப்படத் தயார், 150 என்றால் உடனே வெளியேற்றம்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு இது. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். ஓ.எல். படிக்கும் பிள்ளை ஒருத்தி தினமும் காலையில் அளந்து கோயில் பலகையில் எழுதினால் போதும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் மழைமானியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கிளம்புங்கள்.

இரண்டாவது அடுப்பு. கவ்வாத்து மலையிலிருந்து மிலாறு கட்டிச் சுமந்து வந்து, காற்றுப் போக வழியில்லாத குசினியில் அதை எரித்து, அந்தப் புகையை நம் அம்மாமார் ஆயுள் முழுவதும் விழுங்குகிறார்கள். பக்கத்திலிருக்கும் கைக்குழந்தையும் அதையே விழுங்குகிறது. 1980கள் முதல் நம் நாட்டுக் குயவர்கள் வனையும் ‘அனகி’ அடுப்பில் ஒரே தீயில் இரண்டு பானை வைக்கலாம். மூன்று கல் அடுப்போடு பார்த்தால் விறகில் கால்வாசிக்கு மேல் மிஞ்சும். ஆனால் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. சுற்றிலும் களிமண் கனமாகப் பூசினால்தான் சூடு நிற்கும், அடுப்பும் வெடிக்காமல் உழைக்கும். பூசத் தெரிந்த இரண்டு பெண்கள் லயம் லயமாகப் போய்ப் பூசிக் கொடுக்கலாம். அதோடு புகை மேலே போக ஒரு வழியும் வைத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த மடலில் உள்ள எல்லாவற்றிலும் செலவு குறைந்து பலன் மிகுந்தது இதுதான்.

மூன்றாவது கூரை. தகரம் இரவில் வேர்த்துப் படுக்கையில் சொட்டுவது உங்களுக்குப் பழகிவிட்டது, பழக வேண்டியதல்ல. உள்ளே சீலிங் அடித்தால் சொட்டுவதும் குறையும், குளிரும் குறையும். ஆனால் அடுப்புப் பக்கம் சாக்கோ பிளாஸ்டிக்கோ ரெஜிபோமோ கட்டவே வேண்டாம். ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரையடியால் ஓடி முழு லயத்தையும் எரித்த கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. தீ வயராலும் பிடிக்கும், ஆகவே வீடு பார்க்கும் குழுவில் வயரிங் தெரிந்த ஒரு தம்பி கட்டாயம் இருக்கட்டும்.

“நாமே திருத்தினால் கம்பனி கையைக் கழுவிவிடுமே” என்று பெரியவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொக்கெட்டில் இருப்பவர் தன் சொந்த வீட்டுச் சுவரைத் தொடுகிறார். லயத்தில் ஓர் ஆணி அடிக்கவும் தொரையின் முகத்தைப் பார்க்க வேண்டும். 1992இல் தோட்டங்கள் தனியார் முகாமைக்குப் போன பிறகும் லயம் நம் பெயருக்கு வரவில்லை. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் 10,000 வீடுகளை அறிவித்தார். இன்றும் பெருந்தொகையானோர் லயத்தில்தான். ஏழு பேர்ச் காணியும் உறுதிப் பத்திரமும் கேட்கும் குரல் ஒரு நாளும் தணியக்கூடாது. ஆனால் பத்திரம் வரும்வரை பிள்ளை புகையில் இருமிக்கொண்டிருக்க முடியாது. திருத்தும் ஒவ்வொரு வீட்டையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: என்ன பழுது, யார் செய்தார்கள், எவ்வளவு செலவு, யார் செய்திருக்க வேண்டும். செய்வதற்கு முன் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துப் பிரதி வாங்குங்கள். நாளை தொழிற்சங்கம் பேசப் போகும்போது அந்தக் கொப்பி மேசையில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மலையகத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கோபுரத்துக்குக் காசு அனுப்புகிறோம், நல்லது. அதே கோயில் கமிட்டியிடம் தகரத்துக்கும் பீலிக்கும் அடுப்புக்கும் சேர்த்து அனுப்புவோம்.

தோட்டத் தலைவர்மாரே, மாதர் சங்கத்து அக்காமாரே, இளைஞர் கழகத்துத் தம்பிமாரே, வைகாசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். ஒரே ஒரு லயத்தை எடுத்து, ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல்வரை காம்பரா காம்பராவாகப் பாருங்கள். வேண்டிய சாமான்களை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்