‘டி’-க்குப் போக மறுக்கும் ஆட்டோமேட்டிக் கார்... பிரேக் லைட் எரிகிறதா, பாருங்கள்!

காலை எட்டரை மணி. டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்காக மாமனாரைப் பின் சீட்டில் உட்கார வைத்தாயிற்று. கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஏ.சி ஓடுகிறது. கியர் லீவர் மட்டும் ‘பி’-யை விட்டு நகரவே இல்லை. பலமாக இழுத்தாலும் அசையவில்லை. ‘கியர்பாக்ஸ் போயிடுச்சு போல’ என்று யாரோ சொல்ல, எல்லோர் முகமும் மாறிவிடுகிறது. ஆட்டோமேட்டிக் கார் இருக்கிற எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது.

இந்த நேரத்தில் அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு போன் போட்டால், அவர் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசவே மாட்டார். “மேடம், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருங்க. பின்னாடி யாரையாவது நிக்கச் சொல்லி, லைட் எரியுதான்னு பாருங்க” என்பார்.

“லைட்டுக்கும் கியருக்கும் என்னண்ணா சம்பந்தம்?”

இருக்கிறது. பிரேக் பெடலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. பெடலை மிதித்ததும் பின்னால் லைட்டை எரிய வைப்பது அதுதான். ‘டிரைவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டார், பூட்டைத் திற’ என்று கியர் லீவருக்குத் தகவல் போவதும் பெரும்பாலான கார்களில் அதே ஸ்விட்ச்சிலிருந்துதான். அது செத்துப்போனால் லைட்டும் எரியாது, லீவரும் நகராது. பட்டன் ஸ்டார்ட் கார் என்றால், சில சமயம் இன்ஜினே ஸ்டார்ட் ஆகாது.

இந்தப் பூட்டு வந்த கதை சுவாரஸ்யமானது. 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகவே பாய்கின்றன என்று பெரிய புகார் கிளம்பியது. 1986-ல் ‘60 மினிட்ஸ்’ டி.வி நிகழ்ச்சியிலும் வந்து பரபரப்பானது. பிரேக்கை மிதித்தால்தான் லீவர் நகரும்படியான பூட்டை 1987-ல் அந்த கார்களுக்குப் பொருத்தித் தந்தது ஆடி. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததே அந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்று 1989-ல் அமெரிக்க அரசின் ஆய்வு சொன்னது. ஆக, காலையில் நம்மைப் படுத்துகிற இந்தப் பூட்டு, நம் வீட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றுகிற பூட்டும்கூட.

சரி, சோதனைக்கு வருவோம். பின்னால் ஒரு லைட்கூட எரியவில்லை என்றால் ஸ்விட்ச் அல்லது ஃபியூஸ். ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் எது பிரேக் லைட்டுக்கானது என்று படம் போட்டிருப்பார்கள். ஃபியூஸைக் கழற்றினால் உள்ளே கம்பி அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அதே ஆம்பியரில் புதிதைப் போடுங்கள். மறுபடி போனால், எங்கோ ஒயர் உரசுகிறது. வெளிக்கடையில் மாட்டிய மின்னும் எல்.இ.டி பிரேக் லைட் இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல் வரட்டும். ஸ்விட்ச் என்றால் பல கார்களில் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் பேசத் தொடங்கினால், ‘முதலில் பிரேக் ஸ்விட்ச்சைச் செக் பண்ணுங்க’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

லைட் நன்றாக எரிகிறதா? இன்ஜினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பிரேக்கை மிதித்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பல கார்களில் லீவர் பக்கம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அப்படி வந்துகொண்டிருந்த காரில் இப்போது வரவில்லை என்றால், பூட்டைத் திறக்கும் சோலனாய்டு பக்கம் கோளாறு. குழந்தைகள் கொட்டிய ஜூஸ் லீவருக்குள் இறங்கிப் பிசுபிசுத்துப் போயிருப்பதும் உண்டு!

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பல கார்களில் லீவர் பக்கத்தில் நகம் அளவு மூடி ஒன்று இருக்கும். ஹேண்ட் பிரேக்கை முழுசாகப் போட்டு, காலையும் பிரேக்கில் அழுத்தி வைத்து, மூடியைத் திறந்து சாவி முனையால் உள்ளே அமுக்கியபடி லீவரை ‘என்’-னுக்கு நகர்த்தலாம். உங்கள் காரின் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஆனால், பிரேக் லைட் எரியாமல் சாலையில் இறங்கினால், நீங்கள் நிற்பது பின்னால் வருகிற பஸ்காரருக்குத் தெரியாது. எனவே மாமனாருக்கு ஆட்டோவோ, கால் டாக்ஸியோ பிடிப்பதே நல்லது.

சரிவில் நிறுத்திய காரில் இன்னொரு காரணமும் உண்டு. ‘பி’ போட்டதும் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன இரும்புக் கொக்கி பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். காரின் மொத்த எடையும் அதன்மேல் சாய்ந்தால் விட மறுக்கும். சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி ‘என்’ போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எடை அதில் உட்கார்ந்த பிறகு ‘பி’ போட்டால் இந்தத் தொல்லை வராது.

லீவர் ‘டி’-க்கு வந்தும் கார் நகரவில்லை என்றால் அது வேறு கதை. ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் (சிரிக்காதீர்கள், நடக்கும்). மீட்டரில் ‘டி’ வராமல் வேறு எழுத்து நிற்கிறதா? லீவர் கேபிளின் பிளாஸ்டிக் புஷ் உடைந்திருக்கலாம். ‘டி’ காட்டியும் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, தரையில் எண்ணெய்க் கறை, தீய்ந்த வாடை என்றால் கியர் ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது கெட்டிருக்கலாம். இதில் பரிசோதனை வேண்டாம், அப்படியே நிறுத்திவிடுங்கள். முன்சக்கரங்கள் இழுக்கிற ஆட்டோமேட்டிக் காரை அந்தச் சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் வீணாகலாம். காரை முழுசாகத் தூக்கி வைக்கிற வண்டியைக் கேட்டு வரவழையுங்கள்.

2014-ல் செலிரியோ மூலம் இங்கே பரவலான ஏ.எம்.டி கார் உங்களுடையது என்றால், பெரும்பாலும் அதில் ‘பி’-யே இருக்காது. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்ச்சும்தான். ஆனாலும் பிரேக்கை மிதிக்கும் தகவல் போகாவிட்டால் அதுவும் கியர் ஏற்காது. மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது, உங்களுடையது ஏ.எம்.டி-யா, சி.வி.டி-யா, டார்க் கன்வெர்ட்டரா, பிரேக் லைட் எரிகிறதா, ‘டிக்’ சத்தம் கேட்கிறதா என்பதைச் சொல்லிவிடுங்கள். கையில் சரியான ஸ்விட்ச்சோடு வருவார்.