டிரம்மைத் தட்டினா போலீஸ் வரும்!

சேப்பாக்கத்துல விக்கெட் எடுத்துட்டு ஒரு காலத்துல ஒரு குத்து போட்டாரே நம்ம பிராவோ, அவர் எந்த ஊருன்னு கேட்டா, 'வெஸ்ட் இண்டீஸ்'னு டக்குனு சொல்லிடுவீங்க. அப்படி ஒரு நாடே கிடையாது பாஸ்! பல தீவுகளுக்கும் சேர்த்து ஒரு பேர், அவ்வளவுதான். பிராவோ, பொல்லார்ட், நரைன், இவங்களுக்கெல்லாம் சூப்பர் சீனியரான லாரா... நாலு பேருமே டிரினிடாட் தீவுக்காரங்க. வெனிசுலாவுக்கு ரொம்பப் பக்கம். குட்டித் தீவு டொபாகோவையும் சேர்த்து ஒரே நாடு.

பீச், தென்னை மரம் எல்லாம் உண்டு. அது எந்தத் தீவுலதான் இல்லை? இங்கே லா பிரேயா என்ற இடத்தில் ஏரி முழுக்கத் தார்! சுமார் நூறு ஏக்கர். பல இடங்கள்ல மேலேயே நடக்கலாம். காலை டிபனுக்கு 'டபுள்ஸ்'. ரெண்டு மெத்து மெத்து பராவுக்கு நடுவே காரசாரமா சென்னா. 'சட்னி' என்றால் அங்கே தொட்டுக்கறதோட ஒரு பாட்டு வகையும்கூட! 1845-ல் 'ஃபதேல் ரசாக்' கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்கள் கொண்டுபோன ருசி இது. பெரும்பாலானவர்கள் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு.

சரி, டிரம் மேட்டருக்கு வருவோம். அந்தத் தோட்டங்களில் இந்தியர்களுக்கு முன்னால் ரத்தம் சிந்தியவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1838-ல் முழு விடுதலை கிடைத்ததும் கார்னிவல் வீதியில் இறங்கி முழங்கினார்கள். வெள்ளைக்கார அரசுக்கு வயிற்றைக் கலக்கியது. 1881-ல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் போலீஸுக்கும் மக்களுக்கும் பெரிய மோதல். 1884-ல் சட்டம் போட்டு மேளத்தை முடக்கினார்கள்.

கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருந்தாங்களா? மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டாங்க. 1930-களில் பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடின்னு கைக்குக் கிடைத்ததெல்லாம் மேளம். அடிக்க அடிக்க, தகரம் நெளிஞ்ச இடத்துல ஸ்வரம் மாறுதுன்னு கண்டுபிடிச்சது வேலைவெட்டி இல்லாத சேரிப் பசங்கதான்! எண்ணெய் எடுக்கும் ஊராச்சே, காலி டிரம்முக்கா பஞ்சம்? எல்லி மானெட் போன்றவர்கள் டிரம்மின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் கிண்ணம் போலக் குழித்து, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்வரத்தை உட்கார வைத்தார்கள். பிறந்தது 'ஸ்டீல் பேன்'.

பேன் கோஷ்டிகளின் பேரைக் கேளுங்க: டெஸ்பெராடோஸ், இன்வேடர்ஸ், காசாபிளாங்கா. எல்லாம் அந்தக் கால சினிமாப் படப் பேர்கள்! ஏரியாவுக்கு ஏரியா அடிதடி. 'பேன் வாசிக்கிறவனா? ரவுடி!' என்பதுதான் ஊர்ப்பேச்சு. வாசிக்கப் போன பையனுக்கு வீட்டில் பெல்ட் அடி. 1950 வாக்கில் பெரிய வீட்டு காலேஜ் பசங்க 'டிக்ஸிலேண்ட்' என்று ஒரு பேண்ட் ஆரம்பித்தார்கள். அதே டிரம், அதே சத்தம், இப்போ 'ஆஹா!' எனக்கு எரிச்சல் மூட்டுற இடம் இதுதான்.

1951-ல் லண்டனில் நடந்த பிரிட்டன் திருவிழாவுக்குப் பல கோஷ்டிகளிலிருந்து பொறுக்கியெடுத்த ஒரே டீம் போனது. நேற்றுவரை தெருவில் முறைத்துக்கொண்டவர்கள் தோளோடு தோள் நின்று வாசித்தார்கள்.

1963 முதல் 'பனோரமா' போட்டி. பெரிய கோஷ்டி என்றால் மேடையில் நூறு பேர் இருப்பாங்க, நடத்துனர் கையில் பேப்பர்கூட இல்லாம! மொத்தமும் மனப்பாடம். கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் போனால், ராத்திரி 'பேன் யார்டு'களில் ரிகர்சலைப் பக்கத்தில் நின்றே கேட்கலாம். பீச்சை விட்டுட்டு இங்கே போங்கன்னுதான் சொல்வேன்.

1992-ல் இது தேசிய இசைக்கருவி. 2023-ல் ஐ.நா. சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல் பேன் தினமாக அறிவித்தது. நாட்டு முத்திரையில் விடுதலை நாளிலிருந்து இருந்தவை கொலம்பஸின் மூன்று கப்பல்கள். 1498-ல் வந்து தீவுக்குப் பேர் வைத்தவராச்சே! 2025 ஜனவரியில் பார்லிமென்ட் அந்தக் கப்பல்களை எடுத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு டிரம், ரெண்டு குச்சி.