முதலில் உடம்பு தேறட்டும், பிறகு டிக்கெட்



வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஒரு வார லீவில் சென்னைக்கு வந்து, கொழுப்பை உறிஞ்சி எடுக்கவோ வயிற்றுச் சதையைக் குறைக்கவோ ஆபரேஷன் செய்துகொண்டு, நாலாம் நாளே விமானம் ஏறுகிறார்கள். அழகாக இருக்க ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. அவரவர் உடம்பு, அவரவர் காசு. என் சண்டை அந்த நாலாம் நாள் டிக்கெட்டோடுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையும் ஆபத்து கூடும். விமானத்தில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தாலும் கூடும். காலில் உறைந்த கட்டி நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். கொழுப்பு உறிஞ்சினால் 5 முதல் 7 நாள், முகத்திலோ வயிற்றிலோ ஆபரேஷன் என்றால் 7 முதல் 10 நாள் பொறுத்துப் பறக்கச் சொல்கிறது பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை.

"பேக்கேஜில் எல்லாம் அடக்கம்" என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ஊர் திரும்பியபின் தையல் பிரிந்தால் யார் பார்ப்பது?

இன்னொன்று, இந்த ஒளிவுமறைவு. "கோயிலுக்குப் போய் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பச்சைப் புண்ணோடு பெட்டியைத் தாங்களே தூக்குகிறார்கள். நம் கேலிக்குப் பயந்துதானே? சொந்தங்களே, வாயை அடக்க வேண்டியது நாம்தான்.

பிள்ளைகளே, டாக்டர் பார்த்து "போகலாம்" என்ற பிறகு டிக்கெட் போடுங்கள். வீல்சேர் கேட்க வெட்கப்படாதீர்கள். அடிக்கடி எழுந்து நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். லீவு போதாதா? ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள்.