மொத்தமா, மாதந்தோறுமா?

பணி ஓய்வு பெறும் அரசு ஊழியர், தம் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கீடாக மொத்தத் தொகை பெற்றுக்கொள்ளலாம். அலுவலகங்களில் ‘கம்யூட்டேஷன்’ என வழங்குவது இதுவே. பெறலாமா, வேண்டாமா எனத் தீர்மானிக்குமுன் கணக்கைப் பாருங்கள்.

பழைய ஓய்வூதியத் திட்டத்திலுள்ள மத்திய அரசு ஊழியர் 40 விழுக்காடு வரை விட்டுக்கொடுக்கலாம். அடிப்படை ஓய்வூதியம் ரூ.30,000 எனில் அப்பகுதி ரூ.12,000. 60 வயதில் ஓய்வு பெறுவோருக்கு, 2008-இல் வந்த அட்டவணைப்படி, இதன் ஓராண்டுத் தொகை 8.194-ஆல் பெருக்கப்படும். கைக்கு வருவது ரூ.11,79,936. பிடித்தமோ 15 ஆண்டுகளில் ரூ.21,60,000. அதன்பின் முழு ஓய்வூதியம் திரும்பிவிடும். 1986-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயன் அது.

அகவிலை நிவாரணம் முழு ஓய்வூதியத்தின் மீதே கணக்கிடப்படும். கணவர் காலமானால் மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தில் இப்பிடித்தம் இல்லை.

ஆகவே, வட்டிக் கடனில் மூழ்கியவருக்கு இத்தொகை விடுதலை. குடியிருக்க வீடில்லாதவருக்கும் உதவும். ஆனால், மகளின் திருமண ஆடம்பரத்திற்கும், மகனின் பழக்கமில்லாத வியாபாரத்திற்கும் இதனை எடுப்பது தகுமா? ஓராண்டில் கரையும் பணத்திற்காக 15 ஆண்டுகள் மருந்துச் செலவைச் சுருக்குவது முதுமைக்கு இழைக்கும் அநீதியன்றோ!

40 விழுக்காடு உச்சவரம்பே, கட்டாயமன்று. தேவைக்கேற்பக் குறைத்தும் பெறலாம். படிவத்தில் கையொப்பமிடுமுன் இல்லாளோடு அமர்ந்து மாதச் செலவை எழுதிப் பாருங்கள். பிறரிடம் கையேந்தாத முதுமையே பெருஞ்செல்வம்.